யாருக்காக எடுத்த படம் இது?

மாலை ஏழு மணிக்கு மேல் குழந்தைகள் பிரிவில் அமைதி நிலவ வேண்டும். பார்வையாளர் நேரம் முடிந்திருக்கும்; இரவு மருந்துகள் கொடுக்கும் வேளை இன்னும் வந்திராது. ஆனால் இன்று அந்நேரத்தில் உள்ளே நுழைவோரின் காதில் முதலில் விழுவது கைபேசிகளின் ஒலியே. ஒரு கட்டிலில் பூனை எலியைத் துரத்துகிறது. அடுத்த கட்டிலில் வண்ணப் பந்துகள் ஆங்கிலத்தில் எண்களைச் சொல்கின்றன. சன்னலோரக் கட்டிலில் முகம் தெரியாத ஒருவர் பொம்மைப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துக்கொண்டே இருக்கிறார். டிரிப்ஸ் ஏறும் கை அசையாதிருக்க, மற்றொரு கையின் விரல் மட்டும் திரையைத் தள்ளிக்கொண்டே செல்கிறது.

பல்லடத்திலிருந்து வந்திருந்த ஒரு தாய் செவிலியரிடம் கேட்டார்: "ஏனுங்க சிஸ்டர், போனைக் கையில குடுத்தா ஊசி போட உடறானுங்க. திருப்பி வாங்குனா, ஊசிக்கு அழுகறதைவிட மேல அழுகறானுங்க. நான் என்னதானுங்க பண்றது?"

இக்கேள்வியைக் கேளாத பெற்றோர் இன்று குறைவு. இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடை நேரக் கணக்கு: இத்தனை மணிக்கு மேல் வேண்டாம் என்பது. நேரக் கணக்கு தேவையானதுதான். எனினும் அதற்கு முன்னர்க் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குழந்தையின் கையிலுள்ள இந்தக் காட்சி யாருக்காக உருவாக்கப்பட்டது? இக்குழந்தையின் வயதினரை மனத்திற்கொண்டு எடுத்ததா, வேறு யாரையேனும் எண்ணி எடுத்ததா? இவ்வினாவுக்கு விடை தெரிந்தால், எதைத் தருவது, எதைத் தவிர்ப்பது என்பதில் பாதி முடிவு தானாகவே கிடைத்துவிடும்.

ஊசி வலியும் கார்ட்டூனும்

முதலில் பெற்றோரின் குற்றவுணர்வைக் குறைப்போம். வலி மிகுந்த சிகிச்சையின்போது குழந்தைக்குப் படம் காட்டுவதில் தவறேதுமில்லை. இத்தாலியின் சியனா நகர மருத்துவர்கள் 2006 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. இரத்தம் எடுக்கவேண்டிய 7 முதல் 12 வயது வரையிலான 69 குழந்தைகளை அவர்கள் மூன்று குழுக்களாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்குக் கவனத்தைத் திருப்பும் முயற்சி எதுவும் இல்லை. இன்னொரு குழுவில் தாய்மார் பேசியும் தடவியும் குழந்தையின் கவனத்தைத் திருப்பினர். மூன்றாவது குழுவினர் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்த்தனர். கார்ட்டூன் பார்த்த குழந்தைகளே மிகக் குறைந்த வலியை உணர்ந்தனர்.

தாயின் ஆறுதலைவிடக் கார்ட்டூன் சிறந்ததா என்று யாரும் வருந்த வேண்டியதில்லை. ஊசியைக் கண்டு தாயும் அஞ்சுகிறார். அவ்வச்சம் அவருடைய குரலிலும் கையிலும் குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது. படத்திலுள்ள பூனைக்கு அந்த அச்சம் இல்லை. இவ்வளவே வேறுபாடு.

ஆயினும் அந்த ஆய்வு சொல்வது ஊசி போடும் சில நிமிடங்களைப் பற்றித்தான். வலியைத் தணிக்கும் மருந்துக்கு அளவு இருப்பதுபோல இதற்கும் அளவு உண்டு. ஊசி முடிந்த பின்னரும் அடுத்த ஆறு மணி நேரத்துக்கு அதே படம் ஓடிக்கொண்டிருந்தால், அது எதைத் தணிக்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.

பூனையும் எலியும் யாருக்காக வந்தன?

இனி நம் கேள்விக்கு வருவோம். குழந்தைகள் விரும்பிப் பார்க்கும் எல்லாமே குழந்தைகளுக்காக எடுக்கப்பட்டவை அல்ல.

'டாம் அண்ட் ஜெர்ரி'யை எடுத்துக்கொள்வோம். 1940 இல் அமெரிக்காவின் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் இத்தொடரைத் தொடங்கினர். அக்குறும்படங்கள் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன்னர்க் காட்டப்பட்டவை. அரங்கில் அமர்ந்திருந்தோர் எல்லா வயதினரும் ஆவர். பிற்காலத்தில் தொலைக்காட்சி அவற்றைப் பிள்ளைகளின் நேரத்தில் வைத்தது. அன்றிலிருந்து அவை பிள்ளைகளின் படங்களாயின. சுத்தியலால் அடிபட்டவன் மறுகணம் எழுந்து நிற்பதைக் கண்டு பத்து வயதுச் சிறுவன் சிரிக்கிறான். அது நடவாதது என்று அவனுக்குத் தெரியும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

'சின்சான்' இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. யோஷிதோ உசுய் என்னும் ஓவியர் 1990 இல் ஜப்பானில் இச்சித்திரக்கதையைத் தொடங்கியபோது, அது வெளிவந்தது பெரியவர்கள் படிக்கும் வார இதழொன்றில். ஐந்து வயதுச் சிறுவனின் கண்வழியே பெரியவர்களின் அசட்டுத்தனங்களைப் பெரியவர்களுக்கே காட்டிச் சிரிக்கவைப்பது அதன் நோக்கம். கதாநாயகன் ஐந்து வயதினன் என்பதால், அதன் வாசகரும் ஐந்து வயதினர் என்று பொருளாகிவிடாது. தொலைக்காட்சித் தொடராகி இந்தியாவுக்கு வந்தபோது அது பிள்ளைகளின் அலைவரிசையில் ஒளிபரப்பானது. பெற்றோரின் புகார்களைத் தொடர்ந்து 2008 இல் அரசு அதை நிறுத்தியது. பின்னர்ச் சில காட்சிகள் நீக்கப்பட்டு மீண்டும் வந்தது. சிறுவன் கெட்டவனா நல்லவனா என்று அன்று பலர் வாதிட்டனர். அவனைப் பார்க்க அழைக்கப்பட்டவர் யார் என்பதே அங்கே கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்வி.

நம்மை ஏமாற்றும் மூன்று அடையாளங்கள்

'இது குழந்தைகளுக்கு உகந்தது' என்று நாம் எளிதில் நம்பிவிடும் அடையாளங்கள் மூன்று உள்ளன.

முதலாவது, திரையில் குழந்தைகள் இருப்பது. சிறார் ஆடிப்பாடும் போட்டி நிகழ்ச்சிகளில் மேடையில் இருப்போர் குழந்தைகள். ஆனால் பார்ப்போராக எண்ணப்படுவோர் பெரும்பாலும் பெரியவர்கள். 2019 ஜூன் மாதம் மத்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தனியார் தொலைக்காட்சிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. திரைப்படங்களில் பெரியவர்கள் ஆடும் அசைவுகளைச் சிறு குழந்தைகளை ஆடவைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இரண்டாவது, 'யு' சான்றிதழ். ஒரு படத்தை எல்லோரும் பார்க்கலாம் என்பதே அதன் பொருள். கேடு இல்லை என்று சான்றளிப்பது வேறு, குழந்தையின் மனத்துக்கென்று உருவாக்குவது வேறு. 2023 ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னர் 'யு/ஏ' பிரிவு 7, 13, 16 என மூன்று வயதுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இணையவழித் திரைத்தளங்களுக்கும் 2021 முதல் இத்தகைய வயதுப் பிரிவுகள் உண்டு. படம் தொடங்கும்போது மூலையில் தோன்றும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கைபேசியைக் கொடுப்பது ஒரு நல்ல பழக்கம். ஏழு என்றிருந்தால், நான்கு வயதுக் குழந்தைக்கு அது உரியதன்று.

மூன்றாவது, யூடியூப் காணொளிகளில் உள்ள 'குழந்தைகளுக்கானது' என்ற குறிப்பு. இது தரச் சான்று என்று பலரும் எண்ணுகின்றனர். இதன் வரலாறு வேறு. பெற்றோரின் இசைவின்றிச் சிறுவர்களின் விவரங்களைத் திரட்டியதாக எழுந்த வழக்கில், 2019 செப்டம்பரில் கூகுள், யூடியூப் நிறுவனங்கள் 17 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. அதன்பின் 2020 சனவரி முதல், தம் காணொளி குழந்தைகளுக்கானதா இல்லையா என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தாமே குறிக்கவேண்டும் என்ற விதி வந்தது. அக்குறிப்புள்ள காணொளிகளுக்குத் தனிநபர் விவரங்களை வைத்து விளம்பரம் காட்டுவது நிறுத்தப்பட்டது. ஆகவே அந்தக் குறிப்பு, இக்காணொளி யாரை நோக்கியது என்று மட்டுமே சொல்கிறது. அது நன்றாக உருவாக்கப்பட்டதா என்று சொல்வதில்லை. பொம்மைப் பெட்டி பிரிக்கும் காணொளி குழந்தையை நோக்கியதுதான்; அக்குழந்தை கடைக்குப் போய் அதைக் கேட்கவேண்டும் என்பதும் அதன் நோக்கமாக இருக்கலாம்.

மடியில் அமர்ந்து கேட்ட கதை

குழந்தைக்கென்று தனிக் கலை என்ற எண்ணம் நம் ஊரிலும் மிகப் பழையதன்று. கொங்கு நாட்டு ஊர்களில் உடுக்கடிப் பாட்டாக அண்ணன்மார் கதை பல இரவுகள் பாடப்படும்போது, பாட்டன் முதல் பேரன் வரை ஊரே அமர்ந்து கேட்டது. பகையும் போரும் சாவும் நிறைந்த கதை அது. வயதுப் பிரிவு எதுவும் அங்கில்லை. ஆனால் குழந்தை தனியே இருந்ததில்லை. யாரேனும் ஒருவர் மடியில் இருந்தது. அச்சம் தரும் கட்டம் வந்தால் பற்றிக்கொள்ள ஒரு கை இருந்தது. புரியாத கட்டம் வந்தால் உறங்கிப்போக ஒரு மடி இருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் குழந்தையைத் தனி வாசகராக மதித்து எழுதும் வழக்கம் தமிழில் வேரூன்றியது. 1947 சூலையில் 'அம்புலிமாமா' வந்தது. 1950 இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாவதற்கு முன்னின்றவர் அழ. வள்ளியப்பா.

இந்த வரிசையில் நம் கொங்கு மண்ணுக்கு உரிய பெருமை ஒன்றுண்டு. ஈரோட்டுக்கு அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908 இல் பிறந்த பெரியசாமித் தூரன், கோவை பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியப் பணி புரிந்தவர். அந்த வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவிநாசிலிங்கம் தொடங்கிய தமிழ் வளர்ச்சிக் கழகம், தமிழில் கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்க முனைந்தபோது, அதன் தலைமைப் பதிப்பாசிரியர் பொறுப்பு தூரனிடம் வந்தது. 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக அது வெளிவந்து நிறைவுற்றது.

அத்துடன் அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் அவ்வாண்டிலேயே குழந்தைகள் கலைக்களஞ்சியம் தொடங்கிற்று. 1976 வரை அதற்கும் பத்துத் தொகுதிகள் வெளிவந்தன. பெரியவர்களுக்கு எத்தனை தொகுதிகளோ, குழந்தைகளுக்கும் அத்தனை தொகுதிகள். உளவியல் நூல்களும் குழந்தைகளுக்கான பாடல்களும் எழுதிய ஒருவர், குழந்தைக்கு எழுதுவதைச் சிறிய வேலையாகக் கருதவில்லை என்பதற்கு இந்த எண்ணிக்கையே சான்று. எட்டு ஆண்டு உழைப்பு அது. இன்று ஒரு குழந்தையின் கையில் நாம் தரும் காட்சிக்குப் பின்னால் எத்தனை நாள் உழைப்பு இருக்கிறது என்று எண்ணிப்பார்ப்பது தகும்.

குழந்தையைக் கவனித்து உருவாக்குவோர்

தொலைக்காட்சியிலும் அத்தகைய உழைப்பு நடந்ததுண்டு. 1969 இல் அமெரிக்காவில் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கென்று வரையறுத்து எடுக்கப்பட்டது. ஒளிபரப்புக்கு முன்னரே எட்வர்ட் பால்மர் என்னும் ஆய்வாளர் அதைக் குழந்தைகளிடம் சோதித்தார். குழந்தையின் முன் ஒரு தொலைக்காட்சி இருக்கும். பக்கத்தில் மற்றொரு திரையில் சில வினாடிகளுக்கு ஒருமுறை படங்கள் மாறிக்கொண்டிருக்கும். குழந்தையின் கண் எந்த நொடியில் நிகழ்ச்சியை விட்டு விலகுகிறது என்று உதவியாளர்கள் குறித்துக்கொள்வர். மனிதர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்த தெருக்காட்சிகளில் குழந்தைகளின் கவனம் சிதறியது. அதனால்தான் பெரிய மஞ்சள் பறவையும் குப்பைத்தொட்டிக்குள் வாழும் பொம்மையும் அந்தத் தெருவுக்கு வந்தன. பெரியவர்கள் சிரிக்கும்படியான நகைச்சுவையையும் அவர்கள் வேண்டுமென்றே சேர்த்தனர். பெற்றோரும் உடன் அமர்ந்து பார்க்க வேண்டும் என்பதே அதன் காரணம்.

2007 இல் 'சுட்டி டிவி' தமிழில் தொடங்கிய பின்னர் நம் வீடுகளுக்கு வந்த 'டோராவின் பயணங்கள்' பலருக்கும் நினைவிருக்கும். அன்று அதைப் பார்த்த குழந்தைகளுள் சிலர் இன்று தம் குழந்தையுடன் நம் பிரிவுக்கு வருகின்றனர். டோரா கேள்வி கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பெரியவர்களுக்கு அந்த இடைவெளி சலிப்பைத் தந்தது. பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைக்கு விடையைத் தேடவும் சொல்லவும் வேண்டிய அவகாசம் அதுவே. மூலத்தில் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்றுத்தந்தவள், தமிழில் வந்தபோது தமிழ்க் குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தந்தாள். பார்ப்பவர் மாறியதும் பாடமும் மாறிற்று. யாருக்காக என்பதை அறிந்தோர் செய்யும் வேலை இது.

ஒன்பது நிமிடங்கள்

வயது பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2011 இல் அமெரிக்கக் குழந்தைமருத்துவ இதழ் ஒன்றில் அது வெளியானது. நான்கு வயதுக் குழந்தைகள் அறுபது பேரை மூன்றாகப் பிரித்தனர். ஒரு பகுதியினர் 'ஸ்பாஞ்ச்பாப்' என்னும் விரைவான கார்ட்டூனை ஒன்பது நிமிடங்கள் பார்த்தனர். இரண்டாம் பகுதியினர் மெதுவாகச் செல்லும் கல்வித் தொடரைப் பார்த்தனர். மூன்றாம் பகுதியினர் அந்நேரத்தில் படம் வரைந்தனர். உடனே கவனம், பொறுமை, சொன்னதை நினைவில் வைத்துச் செய்தல் ஆகியவற்றைச் சோதித்தபோது, விரைவான கார்ட்டூன் பார்த்தோர் மற்ற இரு பகுதியினரைவிடப் பின்தங்கினர்.

அத்தொடரை ஒளிபரப்பிய நிறுவனம் இதற்கு ஒரு மறுப்புச் சொன்னது: எங்கள் நிகழ்ச்சி ஆறு முதல் பதினொரு வயதினருக்கானது, நான்கு வயதினருக்கானது அன்று என்பது அதன் ஒரு பகுதி. ஒரு வகையில் அது நியாயமான மறுப்பே. ஆனால் நம் வீட்டில் அதை நான்கு வயதுக் குழந்தை பார்க்கிறது. படத்தை உருவாக்கியவர் மனத்தில் வைத்த வயதும் படத்தைப் பார்ப்பவரின் வயதும் ஒத்திருக்கின்றனவா என்று கவனிக்க வேண்டியவர் அருகிலிருக்கும் பெரியவர் மட்டுமே.

கவனக்குறைவால் உடல்நலமே பாதிக்கப்பட்ட நிகழ்வும் உண்டு. 1997 டிசம்பர் 16 மாலை, ஜப்பானில் 'போக்கிமான்' தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் வினாடிக்குப் பன்னிரண்டு முறை மாறிமாறி மின்னின. தலைச்சுற்றல், குமட்டல், வலிப்பு முதலிய குறிகளுடன் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெரும்பாலோர் குழந்தைகள். அதன்பின் அந்நாட்டுத் தொலைக்காட்சிகளுக்கு மின்னும் ஒளி பற்றிய விதிகள் வகுக்கப்பட்டன. இருட்டறையில் கண்ணருகே கைபேசியை வைத்துப் பார்க்கும் குழந்தைக்கு இன்றும் இந்த எச்சரிக்கை பொருந்தும். வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்ளும் குழந்தையாயின், மின்னும் காட்சிகள் பற்றித் தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கட்டிலில் இருக்கும் குழந்தைக்கு

நோயுற்ற குழந்தை தன் வயதைவிடச் சிறியதாகிவிடுவதை நாங்கள் அன்றாடம் காண்கிறோம். விரல் சூப்புவதை விட்ட குழந்தை மீண்டும் சூப்புகிறது. தனியே உறங்கிப் பழகிய பிள்ளை தாயின் சேலையைப் பற்றிக்கொள்கிறது. காய்ச்சலும் வலியும் புதிய இடமும் சேர்ந்து செய்யும் மாற்றம் இது. உடல் தேறினால் மறையும். ஆகவே எட்டு வயதுப் பிள்ளைக்கு இங்கே ஆறு வயதினரின் படம் போதும். வீட்டில் முன்பே பார்த்துப் பழகிய படம் இன்னும் நல்லது. முடிவு தெரிந்த கதை நோயுற்ற குழந்தைக்கு ஆறுதல் தரும். ஒரே படத்தைப் பத்து முறை கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

நேர அளவைப் பொறுத்தவரை, உலக சுகாதார நிறுவனம் 2019 இல் தந்த வழிகாட்டுதல் எளியது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டாம் வயதிலும் பரிந்துரைக்கப்படுவதில்லை, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, குறைந்தால் நலம். இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஐந்து முதல் பத்து வயதினருக்கு இரண்டு மணி நேரத்துக்குள் என்கிறது. மருத்துவமனை நாட்களில் இந்த அளவு சில வேளை மீறப்படலாம். அதற்காக மனம் வருந்த வேண்டாம். வீடு திரும்பியதும் பழைய ஒழுங்குக்குத் திரும்பினால் போதும்.

எங்கள் செவிலியர் பெற்றோரிடம் வழக்கமாகச் சொல்லும் சில குறிப்புகள்:

1. படத்தைப் பெரியவரே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். முதல் ஐந்து நிமிடங்களை நீங்களும் உடனிருந்து பாருங்கள். அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை நிறுத்திவையுங்கள். அது நின்றாலே பாதி அழுகை குறையும்.

2. நிறுத்தும் நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். கடிகாரத்தைக் காட்டுவதைவிட, "இந்தக் கதை முடிஞ்சதும் போனை அம்மாகிட்டக் குடுத்தரணும் கண்ணு" என்பது குழந்தைக்குப் புரியும். கதை நடுவே பிடுங்கினால் நமக்கும் கோபம் வரும் அல்லவா?

3. திரையில் ஆழ்ந்த குழந்தை வலியைச் சொல்லாது, சிறுநீரையும் அடக்கிக்கொண்டிருக்கும். மணிக்கு ஒரு முறையேனும் படத்தை நிறுத்திவிட்டு, எங்கே வலிக்கிறது, டிரிப்ஸ் ஏறும் கை வீங்கியிருக்கிறதா என்று கேட்டும் பார்த்தும் அறியுங்கள். மருத்துவர் பார்க்க வரும்போது கைபேசி அணைந்திருக்கட்டும்.

4. உணவு நேரத்தில் படம் வேண்டாம். எவ்வளவு பசி, எவ்வளவு உண்டது என்பது மருத்துவருக்கு ஒரு முக்கியமான செய்தி. படம் பார்த்துக்கொண்டே விழுங்கும் குழந்தைக்குத் தன் பசியும் தெரியாது, நிறைவும் தெரியாது.

5. உறங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்னர்த் திரையை அணையுங்கள். ஒலியைத் தாழ்வாக வையுங்கள். அடுத்த கட்டிலில் இப்போதுதான் கண்ணயர்ந்த குழந்தை இருக்கலாம். கைபேசியின் திரையை நாளும் துடைத்துச் சுத்தம் செய்யுங்கள்.

6. திரையில்லாத விளையாட்டும் கட்டிலிலேயே உண்டு. தாளில் பதினான்கு வட்டம் வரைந்து புளியங்கொட்டை வைத்தால் பல்லாங்குழி ஆயிற்று. விடுகதைக்கு எதுவும் வேண்டாம். புளியங்கொட்டையை வாயில் போடும் வயதுக் குழந்தைக்கு மட்டும் அதைத் தராதீர்கள்.

அமுச்சி சொல்லும் கதை

கைபேசியின் மிக நல்ல பயன் ஒன்றைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். உறவினருடன் முகம் பார்த்துப் பேசும் அழைப்பை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் சிறு குழந்தைகளுக்கும் அனுமதிக்கிறது.

அண்மையில் ஓர் இரவு, உடுமலைப் பக்கத்துச் சிறுமி ஒருத்தி உறங்க மறுத்தாள். மறுநாள் காலை அவளுக்கு ஒரு சிறிய அறுவைச் சிகிச்சை. தாய் எந்தப் படத்தையும் போடாமல் ஊருக்கு அழைத்தார். மறுமுனையில் அவளுடைய அமுச்சி. "என்ற சாமி, இன்னும் தூங்கலையா? கேளு, நம்ம தோட்டத்துக் கிணத்து மேட்டுல ஒரு மயிலு..." என்று கதை தொடங்கிற்று. அக்கதையில் மயிலுக்கும் காலில் கட்டு; மயிலும் ஊசிக்கு அஞ்சியது; மயிலின் பெயரும் அச்சிறுமியின் பெயரே. கிணற்றுமேடு அவள் விளையாடிய மேடு. சிறுமி நடுவே நிறுத்தி, "மயிலு அப்பறம் நடந்துச்சா அமுச்சி?" என்று கேட்டாள். "நடக்காம? மூணாவது நாளே தென்னந்தோப்புக்கு ஓடிருச்சு" என்றார் அவர். அருகிலிருந்த செவிலியர் கதை முடியும் வரை நின்று கேட்டுவிட்டு, விளக்கைத் தாழ்த்திச் சென்றார்.

அந்தக் கதையைக் கேட்க உலகில் ஒரே ஒரு குழந்தைதான் இருந்தது. அவளுக்கு என்ன வயது, எதற்கு அச்சம், நாளைக் காலை என்ன நடக்கப்போகிறது என்பவை அனைத்தும் சொல்பவருக்குத் தெரியும். எந்த நிறுவனமும் ஒவ்வொரு குழந்தைக்கும் அப்படியொரு படம் எடுத்துத் தர இயலாது. ஆனால் நல்ல படம் எடுப்போர் அனைவரும் அந்த அமுச்சியைப்போல், எதிரே இருக்கும் குழந்தையை அறிந்துகொள்ள முயல்கின்றனர். அந்த முயற்சி தெரியும் படத்தைத் தேர்ந்துகொடுங்கள், தெரியாததை விலக்குங்கள்.

இன்று மாலை உங்கள் குழந்தை கைபேசியைக் கேட்டு அழுதால், கொடுப்பதா மறுப்பதா என்று உடனே முடிவுசெய்ய வேண்டாம். திரையில் ஓடப்போவது யாருக்காக எடுத்தது என்று ஒரு முறை பார்த்துவிட்டு, அதன்பின் முடிவு செய்யுங்கள். எதைக் காட்டுவது என்று தெரியாவிடில் பிரிவிலுள்ள செவிலியரிடம் கேளுங்கள். கதை சொல்லும் அமுச்சியோ ஆத்தாளோ அப்பாருவோ வீட்டில் இருந்தால், முதலில் அவர்களுக்கே அழைப்பு விடுங்கள்.